சனி மூலை மண்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலைகளில் உட்கார்ந்தவர்கள், நான் ஓய்வு பெற்று வந்த மண் பரிசோதனைக் கூடத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள். சாம்பார் வருவதற்குள் ஒரு பெண் சொன்னாள்: "இப்பல்லாம் முன்ன மாதிரி இல்ல சார். மண்ணு எடுத்த எடத்த போனே காட்டிக் குடுத்துடுது. யாருனா மரத்தடியில வாரிக்கினு வந்தா மேப்புலயே தெரிஞ்சிடும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னா சார்?" என்றாள். "மண்ணாங்கட்டிய நெனச்சிக்கினேன்" என்றேன். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு நான்தான் விளக்க வேண்டியிருந்தது, அது ஓர் ஆளின் பெயர் என்று. முதலில் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை எமன் திரும்பிப் பார்க்காமல் இருக்கட்டும் என்று இப்படி ஒரு பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாதிக் கதை சொல்வதற்குள் ரசம் வந்து, மோர் வந்து, இலை எடுக்க ஆள் வந்துவிட்டார். மீதியை எழுதித் தாருங்கள் என்று பிள்ளைகள் கேட்டார்கள். எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன்.

கண்ணாடிப் புட்டி கழுவுகிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். கழுவியதில் குறை சொல்ல முடியாததால் மண் சலிக்க விட்டார்கள். சலித்ததிலும் குறை இல்லாததால் மண்வெட்டியும் வாளியும் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். அப்புறம் ஓய்வு பெறும்வரை அதே மண்வெட்டி, அதே வாளி. வீடு திண்டிவனத்தில். தினமும் காலை ரயிலில் விழுப்புரம். மயிலம் ஸ்டேஷன் தாண்டும்போது மலை இருக்கும் திசைக்கு எழுந்து நின்று ஒரு கும்பிடு போடுவேன். எதிர் சீட்டுக்காரர்கள் அதற்குத் தோதாக டிபன் டப்பாவை ஒதுக்கி வைத்துக்கொள்வார்கள். முருகன் என்னை ஒருநாளும் வேலையில் கைவிட்டதில்லை.

மண் எடுப்பது சும்மா இல்லை. மேலே கிடக்கிற சருகு, புல் எல்லாவற்றையும் கையால் ஒதுக்க வேண்டும். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி போட வேண்டும், இரண்டு கையையும் விரல் நுனியில் சேர்த்துக் கீழ்நோக்கிப் பிடித்தால் என்ன வடிவமோ அந்த வடிவத்தில். குழியின் ஒரு பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சீவி வாளியில் போட வேண்டும். நிலத்தில் நேராக நடக்கக் கூடாது. பாம்பு போகிற மாதிரி வளைந்து வளைந்து நடந்து, அங்கங்கே குழி போட வேண்டும். வரப்போரம், வாய்க்கால் ஓரம், எருக்குழிப் பக்கம், மரநிழல் இதெல்லாம் ஆகாது. எல்லா மண்ணையும் ஒரு துணியில் கொட்டிக் கலந்து, தோசை மாதிரி பரப்பி, நாலு பாகமாகக் கோடு போட்டு, எதிரெதிர் பாகத்தைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து மறுபடி நாலாக்கி, இரண்டு கை அள்ளுகிற அளவு வரும்வரை இப்படியே செய்ய வேண்டும். அந்தக் கொஞ்சம் மண்தான் முழு நிலத்துக்கும் வாய். அது சொல்வதைத்தான் நாங்கள் கேட்போம்.

நான் பார்த்த அதிகாரிகளில் இந்த வேலையை ஒரு பூஜை மாதிரி செய்தவர் எங்கள் மேடம். தென்காசிப் பக்கத்துக்காரர், வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். என்னை 'ஏழுமலை அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். நிலத்தில் இறங்குமுன் செருப்பை வரப்பில் கழற்றி வைத்துவிடுவார். அதைப் பார்த்த விவசாயி அன்றைக்கு அவர் என்ன சொன்னாலும் கேட்பார். யாரிடமும் 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "சரி, இன்னொரு மட்டம் பாத்துருவோம்" என்பார், அவ்வளவுதான். மோசமான ரிசல்ட் வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவார். நல்ல ரிசல்ட் வந்தால்தான் சந்தேகம். மறுபடி செய்யச் சொல்வார். "நல்ல சேதிய ஒரு தடவ கேட்டா போதுமா அண்ணே, ரெண்டு தடவ கேப்போமே" என்று சிரிப்பார்.

கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம், மனிதர்கள் நல்லவர்கள். மேலே பாறையும் காப்புக்காடும். அதற்குக் கீழே ஆடு மாடு மேய்கிற மேய்க்கால் புறம்போக்கு. அதற்கும் கீழே நிலங்கள், பெரும்பாலும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. அந்த ஊர்க்காரர்களிடம் அவரவர் மண்ணை அவரவரே எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். பை பையாக வந்தது. நாங்களும் பார்த்தோம். ஊர் மொத்தமும் தங்கமான மண். இலை தழை மக்கிச் சேர்ந்த மக்கு, தழைச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் நிறைய. மேடம் வழக்கம்போல மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் அதேதான்.

"சாமி ஊருங்க மேடம். ஐயனாரு காவல் இருக்குது" என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன்.

"இருக்கும் அண்ணே" என்று கையெழுத்துப் போட்டார். உரம் அதிகம் வேண்டாம் என்று எல்லோருக்கும் மண்வள அட்டை போனது.

தை மாதம் ஒருநாள் மண்ணாங்கட்டி வந்து நின்றார். தோளில் துண்டு, கையில் வேரோடு பிடுங்கிய ஒரு மல்லாட்டைச் செடி. செடி எலுமிச்சம்பழ நிறத்தில் இருந்தது. ஊரில் மற்ற எவரும் அட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை, எப்போதும் போடுகிற உரத்தைப் போட்டுவிட்டார்கள். இவர் ஒருவர்தான் அட்டையை மதித்து நடந்தவர். மற்ற நிலமெல்லாம் கரும்பச்சை, இவர் நிலம் மட்டும் மஞ்சள்.

"தெருவுல நடக்க முடியல மேடம். 'கார்டு பயிரு வருது பாரு'ன்னு கூப்புடறானுங்க. வருசத்துக்கு எனக்கு இந்த ஒரு வெள்ளாமதான். பூவு மண்ணுல எறங்கற நேரம். இது போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

மேடம் அட்டையை நியாயப்படுத்தவில்லை. செடியை வாங்கி வேரைப் பார்த்தார். "நாளைக்கு வாறோம். இன்னொரு மட்டம் பாத்துருவோம்" என்றார்.

மறுநாள் போனோம். நிலத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு பெரிய புங்க மரம். மரத்தடி சுத்தமாகப் பெருக்கி, நீர் தெளித்து, கோயில் வாசல் மாதிரி இருந்தது. தூரைச் சுற்றி ஒரு மேடு, அதன்மேல் காய்ந்த சாணிப் பிள்ளையாரும் அருகம்புல்லும்.

"மண்ணு எங்கன எடுத்தீங்க?" என்றார் மேடம்.

மண்ணாங்கட்டிக்கு முகம் மலர்ந்தது. "சனி மூலையிலதான். இதோ, இங்க. சர்க்காருக்கு அனுப்பற மண்ணு, கண்ட எடத்துலயா எடுப்பாங்க? குளிச்சிட்டு, கற்பூரம் ஏத்தி, சாமி கும்புட்டுத்தான் எடுத்தேன். நான் மட்டும் இல்ல, ஊருல அத்தினி பேரும் அவங்கவங்க சனி மூலை மரத்தடியிலதான் எடுத்தாங்க."

மேடம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஏர் கட்டினாலும் விதை போட்டாலும் எங்கள் பக்கத்தில் சனி மூலையில்தான் முதல் கை. ஈசானிய மூலையைத்தான் அப்படிச் சொல்வோம். சாமிக்குப் படைக்கிற வாழைப்பழத்தில் அழுகலையா வைப்போம்? நல்லதைத்தான் வைப்போம். நான் விவசாயியாக இருந்தால் நானும் அந்த மூலையில்தான் எடுத்திருப்பேன். ஊர் முழுக்க மரத்தடி மண்ணைக் கொடுத்துவிட்டு நிலத்துக்குப் பலன் கேட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு மரத்தடியில் தனியாகவும் நிலத்தில் வளைந்து நடந்து தனியாகவும் எடுத்தோம். பரிசோதனையை மண்ணாங்கட்டியே கண்ணால் பார்க்கட்டும் என்று மேடம் அவரை விழுப்புரத்துக்கு வரச் சொன்னார். இரண்டு குடுவையிலும் ஆரஞ்சு நிறத் திரவம் ஊற்றி, அமிலம் சேர்த்தோம். மண்ணில் மக்கு எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு ஆரஞ்சு நிறம் பச்சையாகத் திரும்பும். மரத்தடி மண் போட்ட குடுவை நன்றாகப் பச்சையானது. நிலத்து மண் போட்டது ஆரஞ்சாகவே நின்றது. மண்ணாங்கட்டி குனிந்து அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்ப மரந்தான் திருடன்" என்றார்.

மேடத்துக்குப் புரியவில்லை. "யாரு?"

"புங்க மரம். எங்க அப்பா கையால வச்சது. என் நெலத்துல இருக்கற சத்தயெல்லாம் வேருல இழுத்துக்கினு போயி தன் காலடியில வச்சிக்கினு கீது. நீங்களே காட்டிட்டீங்க."

மேடம் நிலத்துக்கு என்ன உரம் எவ்வளவு, மண் அணைக்கும்போது ஜிப்சம் எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். மண்ணாங்கட்டி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "போடறேன் மேடம். மரத்த எடுத்துட்டுப் போடறேன். இப்பப் போட்டா அதையும் இது உறிஞ்சிக்கும். செவ்வா வெள்ளி வேணாம், திங்கக்கெழம கூட்டேரிப்பட்டுலருந்து ரம்பத்த வரச் சொல்லிடறேன். ஜல்தியா முடிச்சிடுவானுங்க."

அவர் போன பிறகு மேடம் ரொம்ப நேரம் குடுவைகளைக் கழுவாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேரு கொஞ்சம் எடுக்கத்தான் செய்யும் அண்ணே. அவரு சொல்லுறது முழுசும் பொய்யில்ல. அதான் கஷ்டமா இருக்கு" என்றார். மரமும் போகும், உரம் போடுகிற நேரமும் தவறும், பயிரும் போகும். எங்கள் குடுவையைப் பார்த்துவிட்டுத்தானே அந்த மனிதர் ரம்பத்துக்குச் சொல்லப் போகிறார். திங்கட்கிழமை காலை ரயிலில் மயிலம் வந்தபோது நான் கும்பிட்டுவிட்டு உட்காரவில்லை. "முருகா, அந்த மரத்துக்கு இன்னிக்கு நீதான் தொணை" என்று நின்றுகொண்டே வந்தேன். டிபன் டப்பாக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ரம்பம் வருமுன் நாங்கள் போய்விட்டோம். மேடம் மண்ணாங்கட்டியையும் அவர் வீட்டுக்கார அம்மா அஞ்சலையையும் கூட்டிக்கொண்டு முதலில் காப்புக்காட்டு ஓரத்துக்கு நடந்தார். அங்கே ஒரு குழி போட்டேன். சருகுக்குக் கீழே மண் கறுப்பாக, அள்ளினால் கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. கொஞ்ச தூரம் தள்ளிப் போட்டேன். அங்கேயும் அதே.

"இங்க இத்தன மரம் நிக்கு. எல்லாம் திருடன்னா, மண்ணு மொட்டையா இருக்கணுமே?" என்றார் மேடம்.

"இங்க பயிரு ஏது மேடம்? திருட ஆளு இல்லாத ஊருல எல்லாரும் யோக்கியன்தான்" என்றார் மண்ணாங்கட்டி. அஞ்சலை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேடமும் சிரித்துவிட்டார்.

அடுத்து மேய்க்கால். ஒரு காரைச் செடிக்கு அடியில் தோண்டினேன், கறுப்பு மண். ஓர் எட்டு தள்ளித் தோண்டினேன், சரளையும் செம்மண்ணும். புல் அடர்ந்த இடத்தில் வேர் பின்னிக்கொண்டு மண் பொலபொலவென்று இருந்தது. ஆடு வேர்வரை கடித்துவிட்ட இடத்தில் மண்வெட்டியே இறங்கவில்லை.

"பாத்தீங்களா, இத்தூண்டு செடி, அதுவும் அடியில பதுக்கி வச்சிருக்குது" என்றார் மண்ணாங்கட்டி வெற்றியாக.

மேடம் கோபப்படவில்லை. "வேரு ஆழத்துல இருந்து எடுக்கு, சுத்துவட்டாரத்துலயும் எடுக்கு, நெசந்தான். ஆனா எடுத்தத எலையா மேல கொண்டுபோயி, கீழ உதுத்துருது. வச்சுக்கிடறதுன்னா உதுக்காதே. சரி, உங்க ஆடுங்க இங்க மேஞ்சிட்டு மத்தியானம் எங்க படுக்கும்?"

"வேற எங்க, புங்க மரத்தடியிலதான். அங்கதான நெழலு" என்றார் அஞ்சலை அம்மா.

"அப்ப இந்தப் புல்லுல உள்ளதும் புழுக்கையா அங்கதான் வருது."

"ஆடும் திருட்டுல கூட்டா?" என்றார் மண்ணாங்கட்டி.

அதற்குள் கீழே நிலத்தோரம் மினி வண்டி வந்து நின்றது. ரம்பக்காரர்கள் இருவரும் கயிற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இறங்கி வந்தோம். மேடம் அவசரப்படாமல் செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடிக்குப் போய் நின்று சுற்றிப் பார்த்தார்.

"காட்டுல சருகு எங்கனயும் கெடந்தது. இங்க ஒண்ணுகூட இல்லையே. உங்க நெலத்துலயும் இல்ல. இவ்வளவு பெரிய மரம், உதுத்த எலை எங்க போச்சு?"

"நான்தான் பெருக்கறேன்" என்றார் அஞ்சலை அம்மா. "சாமி மூலையாச்சே, குப்பையா வுடலாமா? நெலத்துல பறந்து போனதக்கூட வுடமாட்டேன், வாரிக்கினு வந்துருவேன். சாமி காலடி எல, யாருனா மிதிச்சா பாவம். புழுக்கை, சாணி எல்லாத்தயும் சேத்து இதோ, தூருலயே தள்ளி மூடிடுவேன். நான் இந்த வூட்டுக்கு வந்த நாள்லருந்து..."

பேச்சு அங்கே நின்றது. அவர் கண் அந்த மேட்டைப் பார்த்தது, பிறகு நிலத்தைப் பார்த்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினார்.

"இந்தாய்யா, ரம்பத்தக் குடு. மரத்த அறுக்கறதுக்கு முன்ன என் தொடப்பத்த அறுத்துட்டு வர்றேன்."

ரம்பக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. மண்ணாங்கட்டி மட்டும் சிரிக்கவில்லை. மரத்தையும் மேட்டையும் பெண்டாட்டியையும் பார்த்தார். "அப்ப மரம் குடுத்துக்கினுதான் இருந்துச்சா" என்று மெதுவாகக் கேட்டார்.

"குடுத்துச்சு. நீங்கதான் வாங்கல" என்றார் மேடம்.

ஆனால் அவருக்கு இன்னொரு முடிச்சு இருந்தது. "சாமி மூலை மண்ண, எலைய, எடுத்து நெலத்துல போட்டா எல்லாரும் மிதிப்பமே மேடம். அது எப்படி?" மேடம் இதற்கு என்ன சொல்வார்? அவர் என்னைப் பார்த்தார். நானும் சாமி கும்பிடுகிறவன், அந்தக் கேள்வி எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தோன்றியதைச் சொன்னேன்.

"கோயில்ல விபூதி குடுத்தா நாம பொட்டலத்துலயே கட்டி வச்சிக்கினா இருக்கோம்? நெத்தியில இட்டுக்கினு, மீதிய வூட்டுக்கு எடுத்தாந்து புள்ளைங்களுக்கும் வைக்கிறமில்ல? இது சாமி குடுத்த பிரசாதம். நெலமும் உன் புள்ளதான. எடுத்துப் போடு."

மண்ணாங்கட்டி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிரசாதம்னா சரி" என்றார்.

"அப்ப நாங்க?" என்றார் ரம்பக்காரர். "கூட்டேரிப்பட்டுலருந்து சும்மாவா வந்தோம்?"

அவர்களும் சும்மா போகவில்லை. தாழ்வாகத் தொங்கிய கிளைகளை மட்டும் கழித்தார்கள். அந்தப் புங்கந்தழையை வரிசைக்கு நடுவே பரப்பினோம். சாணிப் பிள்ளையாரை ஒரு செங்கல்மேல் எடுத்து வைத்துவிட்டு, மேட்டைக் கலைத்துக் கூடை கூடையாக நிலத்துக்குச் சுமந்தோம். அஞ்சலை அம்மா முதல் கூடைக்குக் கற்பூரம் காட்டினார். மேடமும் ஒரு கூடை தூக்கினார். சாயங்காலத்துக்குள் மேடம் சொன்ன உரமும் விழுந்தது. மண் அணைக்கிறபோது ஜிப்சமும் போட்டாயிற்று.

பயிர் ஒரேயடியாகப் பொங்கிவிட்டது என்று சொன்னால் பொய். பாதிக்குமேல் பச்சை திரும்பியது. பிஞ்சு பொக்கு இல்லாமல் திரண்டது. மண்ணாங்கட்டி அறுவடையில் ஒரு பையை எங்கள் கூடத்துக்குக் கொண்டுவந்தார். "கார்டு மல்லாட்ட, வறுத்துத் தின்னுங்க" என்று மேஜைமேல் கொட்டினார். அடுத்த தடவை அந்த ஊருக்கு மண் எடுக்கப் போனபோது மேடம் சனி மூலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் கை மண்ணை அங்கே எடுத்து, கற்பூரம் காட்டி, அங்கேயே விட்டுவிடச் சொன்னார். பிறகு வளைந்து வளைந்து நடந்தோம். ஊரே பின்னால் நடந்து வந்தது.

மேடம் அப்புறம் மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். நானும் ஓய்வு பெற்றேன். போன மாசி மாதம் கண்டாச்சிபுரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவன், அப்படியே அந்த நிலத்துக்கும் நடந்தேன். புங்க மரம் தழைத்து நின்றது. அஞ்சலை அம்மா அதே மரத்தடியில் பெருக்கிக்கொண்டிருந்தார். ஆனால் தூரைப் பார்த்து இல்லை, நிலத்தைப் பார்த்து. அறுவடை முடிந்த இடத்தில் ஆட்டுப் பட்டி போட்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு பக்கமாக நகர்த்துகிறார்களாம்.

மண்ணாங்கட்டி என்னைப் பார்த்ததும் நலம் விசாரிக்கவில்லை. "அண்ணே, அங்கியே நில்லு, திரும்பிக்கோ" என்றார். திரும்பி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையிலும் மண்ணோடு வந்தார். "ஆயுசு பூரா மண்ணு பாத்தவனாச்சே. இதுல எது சனி மூலை, எது நெலம், சொல்லு பாப்போம்."

இரண்டையும் முகர்ந்து பார்த்தேன். இரண்டும் கறுப்பு. எச்சில் தொட்டு விரலில் உருட்டினேன். இடது கையில் இருந்தது கொஞ்சம் அதிகப் பொலபொலப்பாகத் தோன்றியது. "இதுதான் சனி மூலை. சந்தேகமே இல்ல" என்றேன்.

மரத்தடியிலிருந்து அஞ்சலை அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"அந்த ஆளு உன்ன ஏமாத்துதுண்ணே. ரெண்டுமே நடு நெலத்து மண்ணு."